பசுவுக்குச் சொன்ன செய்தி

சித்தியை ஹாலந்துக்காரி என்றுதான் எங்கள் குடும்பம் நம்பியிருந்தது. பால் குளிரூட்டும் இயந்திரங்களைப் பொருத்தும் பயிற்சிக்காகச் சித்தப்பா அந்த நாட்டுக்குப் போய் இரண்டு வருடம் இருந்தார். ஒரு தோல்பெட்டியோடு போனவர், அதே தோல்பெட்டியோடும் ஒரு மனைவியோடும் மீனம்பாக்கத்தில் வந்து இறங்கினார். என் பள்ளிக்கூட அட்லஸில் அந்த நாட்டின்மேல் ஹாலந்து என்று அச்சிட்டிருந்தது. அட்லஸில் இருப்பது தவறாக இருக்க முடியாது. ஆகவே கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கே அவள் ஹாலந்துக்காரி ஆனாள். இதை மறுத்தவர் ஒருவர்தான், அது சித்தி.

“நான் ஹாலந்து இல்ல மாமா. ஃப்ரீஸ்லாந்து” என்று அவள் அப்பாவிடம் சொல்லாத வாரம் கிடையாது.

“அது ஹாலந்துக்குள்ளதானேம்மா இருக்கு?”

“கவர்மெண்டு ஒண்ணு. நாங்க வேற. பாஷை வேற.”

“கிளை பாஷையா இருக்கும்” என்று சொல்லி அப்பா செய்தித்தாளைப் புரட்டுவார்.

இப்படிச் சொன்ன அப்பாதான் கல்லூரி நாட்களில் தமிழுக்காக ஊர்வலம் போய்ச் சிறையில் இருந்தவர். ஆவடியில் அவர் வேலை பார்த்த பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வடக்கேயிருந்து வந்த யாராவது அவரை ‘மதராசி’ என்று கூப்பிட்டுவிட்டால், அன்றைக்கு வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்காது. தமிழ் வேறொரு மொழியிலிருந்து கிளைத்தது என்று எவராவது எழுதியிருந்தால் அவருடைய காதுமடல் சிவந்துவிடும். அந்த அப்பாவுக்குத் தம்பி மனைவியின் கோபம் மட்டும் வேடிக்கையாகத் தெரிந்தது. அவருடைய நியாயங்களெல்லாம் தமிழுக்கே செலவாகிப்போய் மிச்சமில்லாமல் இருந்தன என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

சித்தியின் தமிழ் இன்னொரு வேடிக்கை. சித்தப்பா அவளுக்குப் பாடப்புத்தகம் வாங்கிக்கொடுத்திருந்தார். அவள் தமிழ் கற்றுக்கொண்டதோ கீரைக்காரியிடமும் பால்காரரிடமும். நீலக் கண்ணும் சணல் நிறக் கூந்தலுமாக நின்றுகொண்டு, “இன்னாக்கா, இன்னிக்கு இன்னா கொழம்பு?” என்று அவள் கேட்கும்போது, ஊர்ப்பக்கத்துப் பேச்சையே பிடித்துவைத்திருந்த என் அம்மா தலையில் கைவைத்துக்கொள்வாள். “இந்த வீட்டுல யாராச்சும் ‘இன்னா’ன்னு பேசறாங்களா? எங்கேருந்துடி புடிச்சே இத?” என்பாள். சித்தி சிரிப்பாள். சிரிக்கும்போது அவளுடைய கழுத்துவரை சிவந்துவிடும்.

பால்காரரின் தொழுவம் எங்கள் தெருவின் கோடியில், ஏரிக்கரைக்குப் போகும் வழியில் இருந்தது. மாலை நாலு மணிக்குச் சொம்பை எடுத்துக்கொண்டு நானும் சித்தியும் போவோம். அங்கே மூன்று எருமைகளும் ஒரு பசுவும் இருந்தன. பசு வெள்ளையில் கறுப்புத் திட்டுகள் விழுந்தது. யாரோ மை கொட்டிவிட்டுத் துடைக்க மறந்தது போலிருக்கும். அந்நாட்களில் எங்கள் பக்கத்தில் அயல் கலப்பில் பிறந்த எந்தப் பசுவானாலும் அதற்கு ஒரே பெயர்தான்.

“தள்ளி நில்லும்மா, ஜெர்சி இன்னிக்கு ஒதைக்குது” என்பார் பால்காரர்.

“ஜெர்சி இல்ல நைனா. எத்தினி தபா சொல்றது? ஜெர்சி வேற ஊரு, வேற கலரு. இது எங்கூரு மாடு.”

“மாட்டாஸ்பத்திரில ஜெர்சின்னுதான் எழுதிகீறாங்க. நான் இத்த காஞ்சிபுரத்தாண்ட புடிச்சாந்தேன், நீ எங்கூருன்றே.”

“இதோட தாத்தன் எங்கூரு.”

“அப்போ உனுக்குச் சொந்தமா? சீரு இன்னா கொணாந்தே?”

சித்தி பசுவின் நெற்றியில் உள்ளங்கையை வைத்து ஏதோ சொல்வாள். அது அவளுடைய மொழி. வீட்டில் அதைப் பேச ஆளில்லை. சித்தப்பாவுக்கு ஹாலந்து மொழி கொஞ்சம் வரும், இது வராது. தொழுவத்தில் பசுவிடமும், மாடியில் துணி உலர்த்தும்போது தன் வயிற்றிடமும்தான் அவள் அதைப் பேசினாள். அப்போது அவள் கர்ப்பமாக இருந்தாள்.

நான் நாலாம் வகுப்பு. கேள்வி கேட்கும் வயது. கேட்டதை மறக்காத வயதும்கூட. அவளுடைய ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மாலைகளில் சேர்ந்ததுதான். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி எங்கள் தெருவுக்குள் முழங்கால் தண்ணீர் வந்தபோது, எல்லாரும் பாத்திரங்களைப் பரணில் ஏற்றிக்கொண்டிருக்க, சித்தி மட்டும் வாசலில் நின்று ஆச்சரியப்பட்டாள். “ஏன் மேடு போடல?” என்று கேட்டாள். அவளுடைய ஊரில் கடல் உள்ளே ஏறி வருமாம். கரை கட்டத் தெரியாத காலத்திலேயே அவர்கள் மண்ணையும் சாணத்தையும் கொட்டிக் கொட்டி மேடு எழுப்பி, அதன்மேல் வீடு கட்டினார்களாம். சுற்றிலும் தண்ணீர் நிற்கும்; மேட்டின்மேல் மனிதரும் மாடும் ஒரே கூரையின்கீழ் நிற்பார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கும் மேலான மேடுகள் என்றாள். ‘இரண்டாயிரம்’ அப்பாவின் காதில் விழுந்தது. அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்து, “பரவாயில்லையே” என்றார்.

அவர்களுடைய மொழியைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை என்றாள். ஒரு சமயம் நீதிமன்றத்தில் அந்த மொழியைப் பேசக்கூடாது என்று நீதிபதி சொல்லப்போய், ஜனங்கள் தெருவில் திரண்டார்களாம். போலீஸ் தடியால் அடித்ததாம். சித்தி பிறக்கும் முன்னால் நடந்தது அது. அந்தக் கூட்டத்தில் அவளுடைய அப்பாவும் இருந்தார். இதை அவள் என் அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். அவர் கேட்கவில்லை.

அவளுடைய அப்பா விவசாயி. நாற்பது கறவை மாடு. சித்தியின் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. நிறத்தையோ மதத்தையோ சொல்லி அவர் தடுக்கவில்லை என்று சித்தப்பா அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அவர் மகளிடம் கேட்டது ஒரே கேள்வி: அங்கே போய் யாரோடு நம் மொழியைப் பேசுவாய்? மகளிடம் பதில் இல்லை. அதன்பின் அவர் அவளோடு பேசவில்லை. இரண்டு வருடமாக அவளுடைய அம்மாவின் கடிதம் வரும், அண்ணனின் கடிதம் வரும்; அவர் ஒரு வரி எழுதவில்லை.

பொங்கலுக்கு மறுநாள் சித்தி அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினாள். குழந்தை வரப்போகிறது, அதனோடு பேசுவேன் என்று எழுதியிருப்பதாக எனக்கு மட்டும் சொன்னாள். இரண்டு வருடம் கழித்து அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து பகல் பன்னிரண்டரைக்குத் தபால்காரர் சைக்கிள் வரும் நேரத்தில் சித்தி வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மதியச் சாப்பாட்டுக்காக நான் பள்ளியிலிருந்து வருவதும் அப்போதுதான். “அப்பாது இல்லம்மா, அண்ணன்துதான்” என்றோ, “இன்னிக்கு ஒண்ணும் இல்லம்மா” என்றோ தபால்காரர் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். அவருக்கும் கையெழுத்துகள் பழகியிருந்தன.

ஒரு மாலை தொழுவத்தில் பால்காரர் எருமையைக் கறந்துகொண்டிருந்தார். பக்கத்துத் தெருவில் எங்கேயோ பறை கேட்டது. “உங்கூர்ல செத்தா மேளம் உண்டாம்மா?” என்று கேட்டார் அவர்.

“மணி அடிப்பாங்க. அப்புறம் மாட்டுக்குச் சொல்லணும்.”

“மாட்டாண்ட சொல்லி இன்னாத்துக்கு? வந்து மாலை போடப்போவுதா?”

சித்தி சிரிக்கவில்லை. வீட்டுக்குப் பெரியவர் இறந்துவிட்டால் அண்டைவீட்டுக்காரர் தொழுவத்துக்குப் போகவேண்டும். படுத்திருக்கும் மாடுகளை எழுப்பி நிறுத்தி ஒவ்வொன்றின் காதருகிலும் செய்தியைச் சொல்லவேண்டும். தேன்கூடு வைத்திருந்தால் அதையும் தட்டிச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் தேனீ போய்விடும், மாட்டுக்குப் பால் வற்றிவிடும். தன் தாத்தா இறந்தபோது, எட்டு வயதில், அண்டைவீட்டுக்காரரின் பின்னாலேயே மாடு மாடாகப் போனதாகச் சொன்னாள்.

“என்ன சொன்னாரு?” என்று நான் கேட்டேன்.

“பாக்கெ இஸ் டேஅ.” தாத்தா இறந்துவிட்டார்.

நான் அதை மூன்றுமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அந்த மொழியில் அதற்கு முன்பே எனக்கு ஏழெட்டுச் சொற்கள் தெரியும். மெம் என்றால் அம்மா. ஹைட் என்றால் அப்பா.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்தி வந்தது. சித்திக்கு எட்டாம் மாதம். சித்தப்பாவையும் சித்தியையும் அம்மா திருவேற்காட்டுக் கோயிலுக்கு அனுப்பியிருந்தாள். அப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். ஆங்கிலத்தில் ஒரே வரி. சித்தியின் அண்ணன் அனுப்பியிருந்தான். அப்பா அதைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அவ வந்ததும் சொல்லிடணும்” என்றார்.

“சொல்லக்கூடாது” என்றாள் அம்மா. “மாசமா இருக்கறவகிட்ட சாவுச் சேதி சொல்லுவாங்களா?”

“அவளப் பெத்தவருடி.”

“எட்டு மாசத்துல எந்த ப்ளேன்ல ஏத்துவாங்க? போகவும் முடியாது. இங்க உக்காந்து அழுதழுது வயித்துல இருக்கறதுக்கு ஏதாச்சும் ஆயிட்டா? பொறந்து முப்பது கழியட்டும். நானே சொல்றேன்.”

அப்பா தந்தியை மடித்து அம்மாவிடம் கொடுத்தார். எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு பிள்ளை இருந்திருக்கவேண்டும். எட்டாம் மாதத்தில் அவளுடைய தகப்பனார் போன செய்தியை யாரோ வாசலிலிருந்தே கத்திச் சொல்லிவிட்டார்கள்; அன்று மாலையே அந்தப் பிள்ளை தங்காமல் போய்விட்டது. எங்கள் வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசாத காரணத்தாலேயே அம்மாவின் பேச்சை அன்று மீறமுடியவில்லை.

சித்தப்பா திரும்பியதும் அப்பா அவரைத் தெருமுனைக்கு அழைத்துப்போனார். சித்தப்பா கண் சிவந்து வந்தார். தூசி விழுந்துவிட்டது என்றார். சித்தி முந்தானை நுனியைச் சுருட்டி, வாயால் ஊதி, அவர் கண்ணில் ஒற்றினாள். அந்தக் காட்சியைப் பார்க்கமுடியாமல் அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். வெளிநாட்டுத் தபால் எது வந்தாலும் சித்தியிடம் கொடுக்கவேண்டாம், அம்மாவிடம் மட்டும் கொடுக்கவேண்டும் என்று தபால்காரருக்குச் சொல்லியாயிற்று. பிரசவம் முடியும்வரை வீட்டிலிருந்து யாரும் எழுதவேண்டாம் என்று சித்தியின் அண்ணனுக்குச் சித்தப்பா தந்தி கொடுத்தார். இனி என் முறை. அம்மா என்னைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தித் தன் உள்ளங்கையை நீட்டினாள். “சித்திகிட்ட சொல்லமாட்டேன்னு அடி.” நான் அடித்துச் சத்தியம் செய்தேன்.

இரண்டு நாள் அந்த ரகசியத்தைச் சுமந்தேன். சித்தியிடம் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, சத்தியம் பெரியது. என் கவலை வேறு. அவளுடைய ஊரில் நாற்பது மாட்டுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். இங்கே இருக்கும் மாட்டுக்கு யார் சொல்வது? அதுவும் அந்த ஊர் மாடுதான் என்று சித்தி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். சொல்லாவிட்டால் பால் வற்றிவிடும். டாக்டர் சித்தியைத் தினம் அரைலிட்டர் குடிக்கச் சொல்லியிருந்தார். அம்மா கேட்ட சத்தியத்தில் மாட்டைப் பற்றி ஒன்றும் இல்லை என்பதையும் யோசித்துப் பார்த்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மாலை சித்தி தலை வாரிக்கொண்டிருந்தாள். “நீ முன்ன போ கண்ணு, நான் மெதுவா நடந்து வர்றேன்” என்றாள். நான் சொம்போடு ஓடினேன். பால்காரர் புண்ணாக்கு ஊறவைக்கத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். பசு படுத்திருந்தது. அதை எழுப்பிவிட்டுத்தான் சொல்லவேண்டும் என்பது நினைவிருந்தது. சொம்பால் மெல்லத் தட்டினேன். அது சலிப்போடு முன்காலை மடக்கி எழுந்து நின்றது. காதருகில் போனேன். ‘பாக்கெ’ என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘ஹைட்’ என்ற சொல்லை வைத்தேன். அந்த மொழியில் நானாகக் கட்டிய முதல் வாக்கியம் அது.

“ஹைட் இஸ் டேஅ.”

பசுவுக்கு விளங்கியதா என்று தெரியவில்லை. இன்னும் ஒருமுறை, பிசகில்லாமல், பள்ளியில் செய்யுள் ஒப்பிப்பதுபோல் உரக்கச் சொன்னேன். அப்போது பின்னால் வளையல் சத்தம் கேட்டது. வளைகாப்புக்கு அடுக்கிய கண்ணாடி வளையல்கள் அவள் இரண்டு கையிலும் முழங்கைவரை இருந்தன.

சித்தி தொழுவத்தின் மூங்கில் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் விளையாட்டாகச் சொல்கிறேன் என்று அவள் நினைத்திருந்தால் எல்லாம் அத்தோடு போயிருக்கும். ஆனால் நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

“யாரோட ஹைட்?” என்றாள்.

நான் சொம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

“தந்தி வந்துச்சா?”

தலையசைத்தேன்.

“எப்போ?”

“ஞாயித்துக்கிழமை. நீங்க கோயிலுக்குப் போனப்போ.”

அவள் கம்பை விட்டுவிட்டு உள்ளே வந்தாள். விரல்களை மடக்கி எதையோ எண்ணினாள். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியவில்லை. பிறகு பசுவின் நெற்றியில் கைவைத்து, நான் சொன்னதையே தன் குரலில் சொன்னாள். நான் சொன்னது எவ்வளவு பிழையானது என்று அப்போதுதான் தெரிந்தது. அடுத்து எருமைகளிடம் போனாள். அவை எந்த ஊர் எருமைகளோ. அவற்றையும் ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பி, ஒவ்வொன்றின் காதிலும் சொன்னாள். கடைசி எருமையின் கழுத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். “ஊட்ல சொல்லாத. எனுக்குத் தெரியும்னு சொல்லாத. அக்கா பாவம்.”

பால்காரர் வாளியோடு திரும்பி வந்தார். “இன்னாம்மா, ஜெர்சியாண்ட இன்னா ரகசியம் பேசிக்கினு கீறே?”

அன்று சித்தி அவரைத் திருத்தவில்லை.

இப்படியாக ஒரே செய்தியை மறைக்கும் இரண்டு சத்தியங்களுக்கு நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். அம்மா சித்திக்குத் தெரியாது என்று நினைத்து, தினம் ஒரு பட்சணம் செய்து, வலிய வலியச் சிரித்தாள். அப்பா வானொலியைச் சத்தமாக வைத்தார். சித்தப்பா மூன்று நாளில் தாடி வளர்த்து, அம்மா அதட்டியதும் மழித்துக்கொண்டார். சித்தி எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டாள். கொழுக்கட்டை நன்றாக இருக்கிறது என்றாள். வானொலியில் பாட்டு வந்தால் தாளம் போட்டாள். பகல் பன்னிரண்டரை ஆனதும் முன்பு போலவே வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. இறந்துபோனவரிடமிருந்து கடிதம் வருமா என்று தபால்காரரிடம் எவ்வளவு இயல்பாகக் கேட்கிறாள்! அம்மா சந்தேகப்படக்கூடாது என்றுதான் இப்படி நடிக்கிறாள் என்று எண்ணி அவளை மனத்துக்குள் மெச்சினேன். அம்மாவோ ஜன்னலோரம் நின்று அதைப் பார்த்துவிட்டு, “பாவம்டி, இன்னும் காத்துக்கிட்டிருக்கா” என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

பத்துநாள் போயிருக்கும். பள்ளியிலிருந்து மதியம் வந்துகொண்டிருந்தேன். ரேஷன்கடைத் திருப்பத்தில் தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பையிலிருந்து ஒரு நீல உறையை எடுத்தார். “உங்கம்மா கையில மட்டும் குடு பாப்பா. வெள்ளக்காரம்மா மூஞ்சிய இன்னிக்கு என்னால பாக்க முடியாது” என்று சொல்லிவிட்டு வேறு தெரு வழியாகப் போய்விட்டார். உறையில் அந்த நாட்டு ராணியின் தலை போட்ட தபால்தலை. எழுத்துகள் பெரிதாக, உழுத சால்போல் அழுத்தமாக இருந்தன. முத்திரையில் தேதி தெளிவாக விழுந்திருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்து ஒன்றும் நினைக்கவில்லை. இன்னொரு சாவுச் செய்தி என்று மட்டும் பயந்தேன். கணக்குப் புத்தகத்துக்குள் அதை வைத்துப் பையை இறுக்கிக்கொண்டேன்.

சித்தி கேட்டருகே நின்றாள். ஒரு கை இடுப்பில்.

“தபால்காரர் வரல இன்னிக்கு. வழில பாத்தியா கண்ணு?”

ஒருமுறை வாயைத் திறந்து அவளை அழவைத்தவள் நான். எதையும் யாரிடமும் இனி சொல்வதில்லை என்று அந்தத் தொழுவத்திலேயே தீர்மானித்திருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உறுதியாக நான் நல்லவளாக நடந்துகொண்ட சந்தர்ப்பம் வேறில்லை.

“இல்ல சித்தி” என்றேன்.

அம்மா உறையைப் பிரிக்கவில்லை. பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில், தந்தியோடு சேர்த்து வைத்தாள். அந்தப் பீரோ சித்தியின் அறைக்கு அடுத்த சுவரை ஒட்டி இருந்தது.

பங்குனி பிறந்த முதல் வாரத்தில் ஒருநாள் சித்தி வாசலுக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தபால்காரரின் மணி கேட்டும் உள்ளேயே முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்பாடா, மறந்துட்டா” என்றாள் அம்மா. எனக்கும் நிம்மதியாக இருந்தது. நடித்து நடித்துச் சலித்துவிட்டது போலும், நாள் வேறு நெருங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரத்திலிருந்து மாடியில் அவள் தன் வயிற்றோடு பேசுவதும் நின்றுபோயிற்று. அதை நான் கவனித்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். அம்மா தான் வென்றுவிட்டதுபோல் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். குழந்தை அழுதபோது சித்தி அதைத் தூக்கி, என் அம்மாவிடம் கேட்டுக் கற்ற தமிழ்த் தாலாட்டைப் பாடினாள். அவள் வாயில் அது தெருப்பேச்சும் பாட்டுமாகக் கலந்து வந்தது. எல்லாரும் சிரித்தோம். சித்தியும் சிரித்தாள்.

முப்பது கழிந்த மறுநாள் காலை அம்மா சித்தியைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். குழந்தையை என் மடியில் கொடுத்தாள். சித்தப்பா சொல்லத் தொடங்கி முடிக்கமுடியாமல் நின்றுவிட, அம்மாதான் சொன்னாள். “உங்கப்பா போயிட்டாரும்மா. மாசியிலயே. உன் வயித்துல இருந்ததுக்காகத்தான் சொல்லல. என்னை மன்னிச்சுடு.”

சித்தி அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதாள். இரண்டு மாதமாக அழாத அழுகை. அதில் நடிப்பு ஒரு துளி இல்லை. அம்மாவும் அழுதாள். எந்தத் தகப்பனாருக்காக, எந்தப் பிள்ளைக்காக அழுகிறோம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

அழுகை அடங்கியதும் அம்மா எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்தாள். தந்தியையும் நீல உறையையும் கொண்டுவந்து வைத்தாள். சித்தி தந்தியைத் தொடவில்லை. உறையின் மேலிருந்த கையெழுத்தைப் பார்த்தாள். கையில் எடுக்காமலே வெகுநேரம் பார்த்தாள்.

“இது எப்போக்கா வந்துச்சி?”

“அதுவும் மாசியிலதான். கடைசி வாரம். இதோ இவதான் பத்திரமா வாங்கியாந்தா.”

சித்தி என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அந்தப் பார்வையை நான் எப்போதோ மறந்திருப்பேன்.

தலையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து உறையைப் பிரித்தாள். உள்ளே ஒரே தாள், இரண்டு பக்கமும் எழுதியது. அவள் உதடு அசைய அசையப் படித்தாள். நடுவில் நிறுத்தி, “இது எங்க பாஷை” என்றாள், யாரிடமும் என்றில்லாமல்.

“டச்சு இல்லையாம்மா?” என்று அப்பா கேட்டார்.

“இல்ல மாமா. அவருக்கு எங்க பாஷைல எழுதவே தெரியாது. அவர் காலத்துல இஸ்கூல்ல சொல்லித்தரல. எல்லாருக்கும் டச்சுலதான் எழுதுவாரு. இதான் மொத தபா.” அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். “யாரையோ கேட்டுக் கேட்டு எழுதிகீறாரு.”

“என்னம்மா எழுதியிருக்கார்?”

“நாலு கன்னு பொறந்துகீதாம்” என்றாள் சித்தி. அதற்குமேல் அவள் சொல்லவில்லை, இன்றுவரை சொன்னதில்லை.

அப்பா அந்தத் தாளைக் கையில் வாங்கினார். படிக்கமுடியாத அந்த எழுத்துகளை, படிக்கத் தெரிந்தவர்போல் வரிவரியாகப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதன்பின் அவர் வாயில் ஹாலந்துக்காரி என்ற சொல்லை நான் கேட்டதில்லை.

கடிதம் கைக்கு வந்துவிட்டதே, இனி சித்தி குழந்தையோடு தன் மொழியில் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். சிலநாள் முயன்றாள் என்றுதான் நினைக்கிறேன். தொட்டிலருகே ஏதோ தொடங்கி, அம்மாவோ நானோ உள்ளே நுழைந்தால் தமிழுக்கு மாறிவிடுவாள். பிறகு அதுவும் இல்லை. பங்குனியில் நின்றது நின்றதுதான்.

நான் கல்யாணமாகிப் போய், வெளிநாட்டிலிருந்து வரும் கடிதத்துக்காக நானே காத்திருக்க நேர்ந்த ஒரு சமயத்தில்தான் அந்தக் கணக்கு எனக்குத் தெரிந்தது. தந்தி இரண்டு நாளில் வந்துவிடும். கடிதத்துக்கு இரண்டு வாரம், மூன்று வாரம்கூட ஆகும். ஒருவர் இறந்த செய்தி முதலில் வந்து, அவர் உயிரோடு எழுதியது அதன்பின் வரலாம். தொழுவத்தில் விரல் மடக்கி அவள் எண்ணியது அந்த நாட்களைத்தான். வாசலில் அவள் எங்களுக்காக நடிக்கவில்லை. அவளுடைய அப்பா கடைசியாக ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால், அது இன்னும் கடலுக்கு மேலே எங்கேயோ வந்துகொண்டிருக்கும் என்று உண்மையாகவே காத்திருந்தாள். நாள் கணக்கு முடிந்த அன்று, அவர் எழுதவில்லை என்று முடிவு செய்து, வயிற்றோடு பேசுவதையும் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்போது அந்தக் கடிதம் சுவருக்கு அந்தப்புறம் இருந்தது.

அப்பாவும் அம்மாவும் காலமாகி வெகுநாளாயிற்று. சித்தப்பா போய் ஒன்பது வருடம். சித்தியின் மகள் கனடாவில் இருக்கிறாள். அவளுக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியும், தன் அம்மாவின் மொழி தெரியாது. நான் தாம்பரத்துக்கு வந்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் கள்ளிக்குப்பத்து வீட்டில் இன்னும் இருப்பவள் சித்தி ஒருத்திதான்.